ஒரே வாரத்தில் வந்த காய்ச்சல்

பெரியம்மா பேத்திக்கு உடையார்பாளையம் பக்கத்தில் ஒரு கோயிலில் காதுகுத்து. கொரோனாவின் இரண்டாவது அலை அப்போதுதான் ஆரம்பித்திருந்தது. கூட்டம் சேர்க்க வேண்டாம் என்று சொல்லிச் சொல்லியே எல்லோரும் வந்துவிட்டார்கள். நானும் என் தங்கையும் பந்தலில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, மாஸ்கைத் தாடைக்கு இறக்கிவிட்டுச் சாப்பிட்டோம். அடுத்த வாரம் இரண்டு பேருக்கும் காய்ச்சல் வந்தது. அதில் நான் பிழைத்துக்கொண்டேன். அவள் போய்விட்டாள்.

எங்களுக்குள் இரண்டு வயதுதான் வித்தியாசம். நான் ஹாஸ்டலில் தங்கிப் பத்தாவது படித்துக்கொண்டிருந்தபோது அம்மா கீழே விழுந்து இடுப்பு ஒடிந்து படுத்துவிட்டார். வீட்டில் சமைக்கவும், அப்பாவோடு கூலிக்குப் போகவும் ஒரு ஆள் தேவைப்பட்டது. தங்கை வீட்டில் இருந்தாள், அதனால் அவள் பள்ளிக்கூடத்திலிருந்து நின்றாள். யாரும் உட்கார்ந்து பேசி எடுத்த முடிவல்ல அது. நான் பயிற்சி முடித்து ஆசிரியர் வேலைக்குப் போனேன். இன்னொரு ஆசிரியரைக் கல்யாணம் செய்துகொண்டு பெரம்பலூரில் வீடு கட்டினேன். அவள் ஜெயங்கொண்டத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரில், கூலி வேலை செய்கிறவருக்கு வாழ்க்கைப்பட்டாள்.

உடம்பு என்று பார்த்தால் அவள்தான் திடம். தலையில் கட்டு விறகோடு அவள் முன்னால் நடக்க, நான் வெறுங்கையோடு மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் வருவேன். எனக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங் உண்டு. கொரோனா என்று பேச்சு வந்ததும் வீட்டில் எல்லோரும் பயந்தது எனக்காகத்தான்.

தேர்தல் வேலைக்குப் போகும் ஆசிரியர்களுக்கெல்லாம் முன்கூட்டியே தடுப்பூசி போட்டார்கள். எனக்கும் ஒரு ஊசி போட்டாகிவிட்டது. காதுகுத்தில் அவளிடம், நீயும் போட்டுக்கொள்ளேன் என்றேன்.

"அது போட்டா ரெண்டு நாளு சொரம் அடிக்குதாமேக்கா. இப்ப முந்திரி சீசன். படுத்துகிட்டா காட்டுக்காரரு வேற ஆளு வச்சுக்குவாரு. சீசன் முடியட்டும், பாத்துக்கலாம்" என்றாள்.

எனக்குக் காய்ச்சல் வந்த அன்றே என் கணவர் காரில் கூட்டிப்போய் டெஸ்ட் எடுத்தார். மாடி அறையை எனக்கென்று ஒதுக்கிவிட்டு, வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு அதில் சாப்பாடு வைத்துவிட்டுப் போவார். விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கிற கருவி ஒன்றையும் வாங்கி வந்தார். அந்த மாடியில் படுத்துக்கொண்டு நான் தங்கைக்குப் போன் செய்தேன். அவள் குரல் கம்மியிருந்தது.

"எனக்கும் சொரந்தான். மெடிக்கல்ல மாத்திர வாங்கித் தின்னேன், கேட்டுரும்" என்றாள்.

"ஏண்டி, போயி டெஸ்ட் எடு. எனக்கு கொரோனான்னு வந்துடுச்சு. உனக்கும் அதான் இருக்கும்."

"எடுத்து அப்படி வந்துச்சுன்னா தெருவையே தகரம் வச்சு அடைச்சுப்புடுவாங்க. போன வருசம் கீழத்தெருவுல அடைச்சாங்கள்ல, அப்புறம் அங்கேருந்து ஒருத்தரையும் யாரும் வேலைக்குக் கூப்புடல. எங்க தெரு பொம்பளைங்க என்னைய சும்மா வுடுவாங்களா?"

"சரி, தனியாவாச்சும் படுத்துக்க."

"ஹெல்த் நர்ஸம்மாவும் அதத்தான் சொல்லிட்டுப் போவுது. தனி ரூமுல இருங்கன்னு. எங்க வூட்ட வந்து பாத்திருந்தா சொல்லியிருக்காது" என்று சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறியது. ஒரே அறை, அதில் அவளும் கணவரும் மகளும் மாமனார் மாமியாரும். நான் அந்த வீட்டுக்கு எத்தனையோ முறை போயிருக்கிறேன். தனியாகப் படு என்று சொன்ன அந்த நேரத்தில் அது என் கண் முன்னால் வரவே இல்லை.

பிறகும் அவள் இரண்டு மூன்று நாள் முந்திரிக்கொட்டை பொறுக்கப் போயிருக்கிறாள். எனக்குத் தெரியாது. ஒரு நாள் காலையில் என் விரலில் மாட்டிய கருவி குறைவாகக் காட்டியது. எனக்கு மூச்சுத் திணறல் எதுவும் தெரியவில்லை. ஆனாலும் என் கணவர் தன்னோடு படித்த ஒரு டாக்டருக்குப் போன் போட்டார். அவர் திருச்சியில் ஒரு படுக்கைக்குச் சொல்லிவைத்தார். மதியத்துக்குள் எனக்கு ஆக்சிஜன் வைத்துவிட்டார்கள்.

தங்கைக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தபோது பஸ் ஓடவில்லை. முழு ஊரடங்கு. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு வெகு நேரம் காத்திருந்துவிட்டு, கடைசியில் தெரிந்தவரின் டாட்டா ஏஸில் பின்னால் பாய் விரித்துப் படுக்கவைத்துக் கொண்டுபோயிருக்கிறார்கள். முதலில் போன இடத்தில் படுக்கை இல்லை. இரண்டாவது இடத்தில் வராந்தாவில் வைத்துப் பார்த்தார்கள். அங்கிருந்த நர்ஸ் ஓடி ஓடி ஒரு சிலிண்டருக்கு ஏற்பாடு செய்ததாகத் தங்கை கணவர் பிறகு சொன்னார். அது வந்தபோது அவளுக்கு நினைவு தப்பியிருந்தது.

நான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வரும் வரைக்கும் சொல்லாமல் வைத்திருந்தார்கள். "தங்கச்சிக்கு எப்படி இருக்கு" என்று கேட்கும்போதெல்லாம் "பரவாயில்ல" என்று என் கணவர் சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து, காபி குடித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுத்தான் சொன்னார். எனக்கு அழக்கூட நெஞ்சில் தெம்பில்லை. அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. அவளுடைய மகளும் தூரத்திலிருந்துதான் பார்த்திருக்கிறாள்.

ஊரடங்கு தளர்ந்ததும் அந்த ஊருக்குப் போனேன். தங்கை கணவர் வேலைக்குப் போயிருந்தார். பக்கத்து வீட்டு அம்மா வந்து என் எதிரில் உட்கார்ந்தார். தங்கையோடு தினமும் முந்திரிக் காட்டுக்குப் போனவர். கொஞ்ச நேரம் அழுதார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"ரெண்டு பேருக்கும் ஒண்ணாத்தானே வந்துச்சு. ஒங்கள மட்டும் எப்படிம்மா காப்பாத்துனாங்க? திரும்பவும் வரும்ங்கறாங்க. எங்களுக்கும் சொன்னீங்கன்னா தெரிஞ்சுக்குவோம்."

குத்திக்காட்டவில்லை அவர். நல்ல வைத்தியர் எங்கே இருக்கிறார் என்று விசாரிப்பதுபோலத்தான் கேட்டார். நானும் சொல்லத் தொடங்கினேன். காய்ச்சல் வந்ததும் காரில் போனது, மாடியில் தனியாக இருந்தது, லீவு போட்டுப் படுத்திருந்தது, விரலில் மாட்டிப் பார்த்தது, டாக்டருக்குப் போன் செய்தது. சொல்லச் சொல்ல என் குரல் இறங்கிக்கொண்டே போனது. அந்த அம்மா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

"செரி. அதெல்லாம் நம்மளால ஆவாதும்மா" என்று சொல்லிவிட்டு எழுந்தார். மாட்டுக்குத் தண்ணி காட்ட நேரமாகிவிட்டது என்றார்.