புளிக்காய்ச்சல் வாசனை வந்தால் சண்டை

காலையில் புளிக்காய்ச்சல் வாசனை வந்தால் எங்கள் அம்மா ரேடியோவில் செய்தி வைத்துவிடுவார்.

ஆவடி குவார்ட்டர்ஸ்ல வளர்ந்தவங்களுக்கு இது புரியும். அப்பாவுக்கு ராணுவத் தளவாடம் செய்கிற ஃபேக்டரியில் வேலை. உள்ளே என்ன செய்கிறார்கள் என்று வீட்டில் மூச்சு விட மாட்டார். ஆனால் ஓவர்டைம் போட்டால் ராத்திரிக்கும் சேர்த்துச் சாப்பாடு கொண்டுபோக வேண்டும். கெட்டுப்போகாமல் இருக்க, இரண்டாவது கேரியரில் புளிசாதம்.

தெருவே மணந்தால் எல்லா வீட்டிலும் ஓ.டி. என்று அர்த்தம்...

அந்த வருஷமும் அப்படித்தான் மணந்தது. ரேடியோவில் எல்லையில் அமைதி, பேச்சுவார்த்தை என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அம்மா ஒரு வார்த்தையும் நம்பவில்லை.

"இன்னாத்துக்கு ரெண்டு கேரியரு?"

"வேலை ஜாஸ்தி" என்றார் அப்பா, செருப்பைப் பார்த்துக்கொண்டே.

"சண்டை வரப்போவுதா?"

"எனக்கு இன்னா தெரியும். சீக்கிரம் கட்டு, பஸ்ஸு பூடும்."

எதிர்வீட்டு அக்காவுக்கு ஒரே குஷி. "ஓ.டி. இப்டியே போனா இந்த வருஷம் ஃப்ரிட்ஜ் வாங்கிடலாம்க்கா" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அவருடைய தம்பி பட்டாளத்தில் இல்லை.

எங்கள் பீட்டர் மாமா இருந்தார். அம்மாவின் ஒரே தம்பி. ஞாயிற்றுக்கிழமை கடைத்தெரு டெலிபோன் பூத்துக்குப் பேசுவார். "ஒண்ணுமில்லக்கா, குளிருதான் கொஞ்சம் ஜாஸ்தி."

அம்மா ரிசீவரை வைத்துவிட்டு, "இவனும் பொய் சொல்றான்" என்றார். அன்றிலிருந்து ஜெபமாலை கையைவிட்டு இறங்கவே இல்லை.

கொஞ்ச நாளில் சண்டை வந்துவிட்டது. ரேடியோவுக்கு முன்னாலேயே எங்கள் தெருவுக்குத் தெரிந்திருந்தது...

மாமா உயிரோடு வந்தார். வலது கால் முட்டிக்குக் கீழே இல்லை.

அப்பா கட்டிலருகே போய் நின்றார். அவர் செய்து அனுப்பியதற்கும் இந்தக் காலுக்கும் நடுவில் என்ன கணக்கு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. புளிசாதத்தை மட்டும் அதற்குப் பிறகு அவர் தொடவே இல்லை.

"எதுக்குடா இந்த சண்டை?" என்று அம்மா கேட்டதற்கு மாமா சொன்னது ஒன்றுதான். "மலை மேல ஏறுன்னாங்க, ஏறினேன். எதுக்குன்னு யாரும் சொல்லலக்கா."

இப்போ திருமுல்லைவாயில் ஃப்ளாட்ல இருக்கோம். மாமாவும் எங்களோடதான். அம்மாவும் அப்பாவும் இல்லை. போன வாரம் டிவியில் மறுபடியும் எல்லை, மறுபடியும் கத்தல். அபார்ட்மென்ட் க்ரூப்பில் ஆளாளுக்குக் கொடி போட்டு, அடி, நொறுக்கு என்கிறார்கள். பத்து வீட்டில் ஒரு வீட்டுப் பிள்ளைகூட பட்டாளத்தில் இல்லை. எங்கள் வீட்டில் மட்டும் என் மகள் சேரணும்னு தினமும் காலையில் ஓடிக்கொண்டிருக்கிறாள்.

இந்தச் சத்தத்தில் யாருக்கு என்ன லாபம் என்று எனக்குச் சந்தேகமாகவே இருக்கு. யாரையும் நம்ப முடியவில்லை.

மாமா டிவியை ம்யூட் பண்ணினார். கீழ்வீட்டுக்காரருக்கு அப்பா வேலை பார்த்த அதே ஃபேக்டரிதான்.

"கீழ் ஊட்ல காலைல இன்னா வாசனைடா வந்துச்சு?"

"இப்பல்லாம் கேன்டீன் சாப்பாடு மாமா. யாரும் கட்டிகினு போறதில்ல."

மாமா, என் மகள் ஓடப் போட்டுக்கொள்ளும் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ நமக்கு எப்பிட்றா தெரியும்?"