பதினான்காவது படம்

கடிகாரத்தை மேசைமேல் திறந்து வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்திருப்பவரின் மணிக்கட்டைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, மறுகையால் படங்களை ஒவ்வொன்றாகத் திருப்புகிறார் ஏசுரத்தினம். "மனசு எம்மாத்தம் அசையுதோ அம்மாத்தம் மார்க்கு போடுங்க. பத்துக்கு எத்தினி?"

சித்தூர் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் மனோதத்துவம் நடத்துகிறவர். அடுத்த அறையில் நான் பூகோளம். புகைப்படம் மனிதனை எவ்வளவு உலுக்குகிறது என்று நூறு பேரிடம் அளந்து, சென்னையில் ஒரு பேராசிரியருக்கு அனுப்பவேண்டும். இவரிடம் கையைக் கொடுத்தால் இருபது படமும் முடியாமல் திரும்பக் கிடைக்காது. சனிக்கிழமை மத்தியானங்களில், கண்ணாடி ஓட்டின் வழியே இறங்கும் வெயில் படங்கள்மேல் மிதந்துகொண்டிருக்க, பள்ளிக்கூடமே நீருக்கடியில் இருப்பதுபோலத் தோன்றும்.

கீரை விற்கும் சென்னம்மா, திருப்பதியில் மொட்டையடித்த குழந்தைக்குப் பத்து கொடுத்தாள். "அழுவுது பாரு நைனா, தூக்கிக்கலாமானு கீது." பதினான்காவது படத்தில் நாற்காலியைப் பிடித்தபடி ஒரு பெண். "இந்தம்மா சும்மா நின்னுக்கினு கீது. மூணு போடு." அதற்குமேல் யாரும் கொடுத்ததில்லை. ஆனால் அந்தப் படம் வந்தால் மட்டும் எல்லாருக்கும் நாடி எகிறியது.

அந்தப் பெண் லோயிஸ். ஏசுரத்தினத்தின் மனைவி, காலராவில் போய் மூன்று வருஷமாகிறது. யார் படமென்று அவர் ஒருவருக்கும் சொல்வதில்லை. கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவன் என்பதால் எனக்குத் தெரியும். "மார்க்கு எதுனா போட்டுக்கட்டும் சார். நாடியப் பாருங்க! மொகந்தெரியாதவங்ககூட அவளுக்காகத் துடிக்கிறாங்க" என்றார் ஒருநாள். மனிதர் நடமாடுவதே அந்தத் தெம்பில்தான்.

சென்ற சனிக்கிழமை தொண்ணூற்றோராவது ஆளாகக் கம்பவுண்டர் சிட்டிபாபு வந்தான். பதினான்காவது படம் திரும்பியதும் தன் மணிக்கட்டைப் பார்த்துச் சிரித்துவிட்டான்.

"இன்னா சார், கட்டவெரல்ல நாடி பாக்கறீங்க? அதுலயே ஒரு நாடி ஓடுதே! இத்தினி நாளா ஒங்களுதத்தான் எண்ணிக்கினு இருந்திருக்கீங்க."

ஏசுரத்தினம் கோபிக்கவில்லை. அவனை மரியாதையாக வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. வெயில் மேசையைவிட்டு இறங்கிச் சுவருக்குப் போயிருந்தது.

பிறகு நோட்டைப் பிரித்துச் சிவப்பு மையில் பேனாவைத் தோய்த்தார். பதினான்காம் படத்துக்கான பக்கத்தில், வந்தவர்களின் பெயர்களுக்கு நேரே இருந்த நாடி எண்களில் ஒன்றைக்கூட மாற்றவில்லை. முதல் பெயரை அடித்து, அதன்மேல் 'ஏசுரத்தினம்' என்று நிதானமாக எழுதினார். இரண்டாவதை அடித்தார், அதன்மேலும் எழுதினார்.