தையலோரமாக வெட்டியவள்

வியாசர்பாடியிலிருந்து தினமும் திருவொற்றியூருக்கு பஸ் ஏறிய ரமாபாய்க்கு ஏற்றுமதி உடுப்புக் கம்பெனியில் வேலை, நல்ல உடுப்புகளை வெட்டிப் பாழாக்குவது.

பித்தான் துளை அரை விரல் தள்ளியிருந்தாலும், ஆர்டர் கொடுத்த வெளிநாட்டுக்காரன் அந்த உடுப்பை வேண்டாம் என்றுவிடுவான். அது இந்த ஊரில் எவர் உடம்பிலும் ஏறக்கூடாது; ஏறினால் அவன் பெயருக்கு இழுக்காம். ஆகவே கழுத்திலிருந்து கீழ் மூலைவரை குறுக்கே வெட்டி, பட்டறைகளில் எண்ணெய் துடைக்க விற்பார்கள். அந்தப் பருத்திக்கு எவன் கிணறு வற்றியது, சாயம் எந்த ஆற்றில் கலந்தது என்று கேட்க நாதியில்லை. கம்பெனி வாசலில் மட்டும் ‘பூமியைக் காப்போம்’ என்று பச்சைப் பலகை.

ரமாபாய் குறுக்கே வெட்டவில்லை. தையலோரமாகவே வெட்டினாள். பார்ப்பவர்களுக்குக் கந்தல்தான். புளியந்தோப்பு கழிவுத்துணிக் கடையில் அதை எடைக்கு வாங்கி வந்தால், பக்கத்து வீட்டு கெங்கம்மா மெஷினில் மறுபடி உடுப்பாக்கிவிடுவாள்.

“இன்னா ரமா, வெட்றதுக்கு உனக்கு சம்பளம், ஒட்றதுக்கு நான் ஓசியா?”

“உன் புள்ளைக்கு சட்ட வோணும்ல? பேசாம தை அக்கா.”

அந்தத் தெருப் பிள்ளைகள் அப்படித்தான் உடுத்தினார்கள்.

இரண்டாயிரத்து நான்கு, அம்பேத்கர் பிறந்தநாள். ரமாபாயின் மகள் மகிழினிக்கு வெள்ளை கவுன். கழுத்துப் பட்டையில் ஒரு நீலக் குருவி. அது வெளிநாட்டுக்காரனின் சின்னம்; பிரித்தெடுத்திருக்க வேண்டும். ஆனால் அன்றைக்குத் தெருவே நீலக்கொடி கட்டியிருந்தது. நீலமாயிற்றே என்று விட்டுவிட்டாள்.

ஊர்வலத்தால் நின்றுபோன வண்டிகளுக்குப் பிள்ளைகள் மோர் கொடுத்தார்கள். மகிழினி நீட்டிய டம்ளரைக் காரிலிருந்து வாங்கியவர், அந்த வெளிநாட்டுக் கம்பெனியின் சென்னை ஏஜென்ட். முழுதும் குடித்த பிறகுதான் குருவியைப் பார்த்தார்.

“டிரஸ் நல்லா இருக்கே பாப்பா. எங்க வாங்கினது?”

“வாங்கல சார். எங்கம்மா கம்பெனில வெட்டுவாங்க, கெங்கம்மா அத்த தச்சிக் குடுப்பாங்க.”

“அம்மா பேரு?”

பெருமையோடு சொன்னாள்.

மறுநாள் கம்பெனி வாசலிலேயே ரமாபாயை சூப்பர்வைசர் மனோகரன் மறித்தார். “குறுக்க வெட்டச் சொன்னா குறுக்க வெட்டணும். ஆர்டரே போயிருக்கும் உன்னால. இனிமே வேலைக்கு வராத.”

“குப்பைக்குப் போற துணி சார்.”

“அப்போ குப்பைக்கே போகட்டும்.”

அன்றுமுதல், வெட்டிய துணிமேல் கழிவெண்ணெய் ஊற்றித்தான் வெளியே அனுப்பினார்கள்.

ரமாபாய் இதையெல்லாம் கெங்கம்மாவிடம் சொல்லி அழுதபோது மகிழினி வாசற்படியில் கேட்டுக்கொண்டிருந்தாள். தெருவில் சிலர் விதி என்றார்கள். என்ன விதி? அந்த உத்தரவைப் போட்டவனுக்குப் பெயரும் இருக்கிறது, முகவரியும் இருக்கிறது.

வேறு கம்பெனிகளிலும் அவளை எடுக்கவில்லை. ஒரு சாயங்காலம் வேலை தேடிக் களைத்து வந்தவள், வீட்டுக்குள் மகள் கையில் கத்தரிக்கோலைப் பார்த்தாள். தரையில் வெள்ளை கவுன். கழுத்திலிருந்து கீழ் மூலைவரை, குருவியையும் பிளந்து, குறுக்கே.

“அவங்க சொன்ன மாரியே வெட்டிட்டம்மா. எடுத்துனு போயி காட்டு. வேலைக்கி சேத்துப்பாங்கல்ல?”

ரமாபாய் மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். கெங்கம்மா வந்து, துண்டுகளைப் பொறுக்கி ஒன்றோடொன்று வைத்து வைத்துப் பார்த்தாள். சேர்த்துத் தைக்க ஓரமே இல்லை.