கையில்லாத கேப்டன் கோட்

பெருமாள்மலைக்கு மேலே ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியின் பயிற்சி வளாகத்தில் எனக்குக் கேன்டீன் வேலை. மேசை துடைப்பேன், தட்டு அடுக்குவேன், ஜக்கில் தண்ணீர் நிரப்புவேன். பயிற்சிக்கு வரும் பட்டணத்துப் பிள்ளைகளுக்கும், டிரைவர், தோட்டக்காரர் என்று வேலை பார்க்கும் எங்கள் ஊர் ஆட்களுக்கும் ஒரே சாப்பாடுதான். சமையலறைச் சுவரில் ஒரு ஜன்னல் உண்டு. தட்டை நீட்டினால் உள்ளேயிருந்து சமையல் அக்கா சோறு போடுவார். அந்த ஜன்னலுக்குச் சுவரை ஒட்டியபடியே நீளமாக ஒரு வரிசை நிற்கும்.

அந்த வரிசையை ஒழிப்பதற்காக மே மாதம் மூன்று கன்சல்டன்டுகள் காரில் மலையேறி வந்தார்கள். இனி இது கேன்டீன் இல்லை, ரெஸ்டாரன்ட் மாதிரி நடக்க வேண்டும் என்று கம்பெனியின் தலைமை சொல்லிவிட்டதாம். ஒருவர் சமையலறையை வரைபவர்; அவருக்கு அடுப்பு சார் என்று பெயர் வைத்தேன். இன்னொருவர் என்ன சமைப்பது என்று முடிவு செய்கிறவர், மெனு மேடம். மூன்றாமவர் சாப்பிடும் அனுபவத்தை வடிவமைப்பவர் என்று கார்டிலேயே அச்சடித்திருந்தார். நமக்கெல்லாம் அனுபவம் பட்டால் வரும். அனுபவ சார் அதை முன்கூட்டியே வரைந்து கொடுத்துவிடுவார்.

வந்ததும் வரிசையில் நின்ற எல்லோரிடமும் ஒரே கேள்வி கேட்டார்கள். "லைன்ல நிக்கிறது உங்களுக்குப் பிடிச்சிருக்கா?" இப்படிக் கேட்டால் யார்தான் பிடிச்சிருக்கு என்பார்கள்? நானும் பிடிக்கவில்லை என்றுதான் சொன்னேன்.

மெனு மேடம் சமையல் அக்காவிடம் போய் நின்றார். அக்காவின் வீட்டார் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர்கள். டீயைத் தேத்தண்ணி என்றுதான் சொல்வார்; அதைச் சொல்லிச் சொல்லி நான் கேலி செய்வேன்.

"உங்க ரசத்துக்குப் பின்னாடி இருக்கிற கதை என்ன?" என்றார் மேடம்.

அக்கா பின்னால் திரும்பிப் பார்த்தார். "பின்னாடி ஒண்ணும் இல்லையேம்மா. புளி இருக்கு, மொளகு இருக்கு."

"இல்ல, ஒவ்வொரு டிஷ்ஷுக்கும் ஒரு கதை வேணும். கதை இல்லாம யாரும் சாப்பிட மாட்டாங்க."

"இம்புட்டு நாளும் அது இல்லாமத்தான் தின்னுருக்குக போல," என்று என்னைப் பார்த்தார் அக்கா. "மேடத்துக்கு ஒரு தேத்தண்ணி கொண்டாந்து குடுப்பா."

அப்புறம் மாதக்கணக்கில் கூட்டம் நடந்தது, பாதி நேரம் டிவித் திரையில். டீ கொடுக்கப் போகிற சாக்கில் எல்லாவற்றையும் நான் கேட்டேன். சாப்பிடுகிறவர் காதில் பாத்திரச் சத்தம் விழக்கூடாது என்றார் அனுபவ சார். அப்படியானால் சமையலறையை முற்றத்துக்கு அந்தப் பக்கம் கட்டி, தள்ளுவண்டியில் கொண்டுவருவோம் என்றார் அடுப்பு சார். உள்ளே நுழையும்போதே ஒரு பிரமிப்பு வேண்டும் என்று வாசலில் படி வைத்தார் அனுபவ சார். படியில் வண்டி எப்படி ஏறும் என்று அடுப்பு சார் கேட்க, தூக்கி வைத்தால் போச்சு என்று முடிவானது. மெனு மேடம் அகலமான தட்டையான பீங்கான் தட்டுகளைத் தேர்ந்தெடுத்தார். நடுவில் கொஞ்சூண்டு சாதம் மலைபோல உட்கார வேண்டுமாம். முற்றத்துக்கு அந்தப் பக்கம் புதுச் சமையலறையும், பள்ளத்தாக்கு தெரியப் பெரிய கண்ணாடி ஜன்னல்களும் வந்தன. மூவரும் ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டார்கள்.

இதில் எனக்கு ஒரு பிழைப்பு இருந்தது. மேசை மேசையாகப் போய்க் கதை சொல்லிப் பரிமாற ஒரு கேப்டன் தேவைப்பட்டார். "இவனுக்கு வாய் ஓயாது. இவனையே போடுவோம்," என்றார் மேனேஜர். "ஏலே, தெறக்குறதுக்கு முன்னாடி நடக்குற முன்னோட்ட விருந்து நல்லபடியா முடிஞ்சா நீதான் கேப்டன். சொதப்புனா மறுபடியும் தொடைக்கிற துணிதான்."

கேப்டன் ஆகியே தீர வேண்டும் எனக்கு. அப்பாவுக்குப் பழனி அடிவாரத்தில் பூஜைச் சாமான் கடை. நடந்து வரும் பக்தர்களை வழிமறித்து, "சாமி, செருப்ப இங்க விடுங்க சாமி, காசு வேணாம் சாமி" என்று இழுத்துவந்து தேங்காய்ப்பழத் தட்டைக் கையில் திணிக்க வேண்டும். பத்தாவது ஃபெயிலான நாளிலிருந்து அந்த இடம் எனக்காகக் காலியாக இருக்கிறது.

"மார்கழி பொறந்துருச்சு, தைப்பூசத்துக்கு சனம் நடக்க ஆரம்பிச்சிருச்சு. மேசை தொடைக்கிற சோலிக்கு அம்புட்டுத் தூரம் எதுக்கு? வெரசா வந்து சேரு," என்று போனில் சொன்னார் அப்பா.

"பெரிய போஸ்ட் ஒண்ணு வருதுப்பா. கெடைக்கலைன்னா அடுத்த பஸ்ஸுல வந்துர்றேன்," என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

விருந்தன்று கேப்டன் கோட் கொடுத்தார்கள். கறுப்பு, பளபளப்பு. கை மட்டும் இல்லை.

"சார், கை எங்க சார்?"

"டிசைனே அதுதான்," என்றார் அனுபவ சார். "அந்த ஸ்வெட்டரைக் கழட்டு. லுக் கெடுது."

மார்கழி மத்தியானம். எதிரில் இருப்பவரே தெரியாத பனிமூட்டம். முற்றம் தாண்டி, படியில் தூக்கி வைத்து, தள்ளுவண்டி உள்ளே வந்தபோதே சாம்பாரில் ஆவி இல்லை. கண்ணாடி ஜன்னலோரம் ரிசர்வ் செய்த மேசைகளில் பயிற்சிப் பிள்ளைகள் கையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பள்ளத்தாக்கு இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையடித்த மாதிரி இருந்தது.

தட்டைக் கையிலேயே பிடித்துக்கொண்டு, மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன். "இது மலைப்பூண்டு ரசம். இந்தப் பூண்டு மேகத்தோட பேசிப் பேசி வளர்ந்தது..."

"ப்ரோ, மேகம் இருக்கட்டும். மொதல்ல தட்டை வைங்க," என்றான் ஒருவன். வாயில் வைத்துப் பார்த்தான். "ஐஸா இருக்கு ப்ரோ. மேகத்தையே ஊத்திட்டீங்களா?"

அடுத்த மேசைக்குப் போய்க் கதையைச் சுருக்கினேன். அதற்கடுத்த மேசையில் கதையே சொல்லவில்லை. திரும்பிப் பார்த்தால் முதல் மேசையில் ஆள் இல்லை. கை கழுவப் போயிருப்பான் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் இரண்டாவது மேசையும் கை கழுவப் போனது. தேடிப் போனேன்.

எல்லோரும் பழைய ஜன்னலில் நின்றார்கள். டிரைவர்களுக்கும் தோட்டக்காரர்களுக்கும் அன்று விருந்து கிடையாது. அவர்களுக்காக அக்கா பழைய சமையலறையிலேயே வழக்கம்போலச் சமைத்திருந்தார். வடித்த சோற்றின் ஆவி ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது. வரிசை சுவரோடு சாய்ந்து, கன்னத்தை வைத்துத் தேய்க்காத குறையாக நின்றது. நடுவில் மேனேஜர். கடைசியில், கோட்டும் டையுமாக, மூன்று கன்சல்டன்டுகள்.

அடுப்பு சார் உள்ளங்கையைச் சுவரில் வைத்தவர் எடுக்கவே இல்லை. "இது எப்படி இவ்வளவு சூடா இருக்கு?"

"அங்கிட்டு சோத்து அடுப்புல்ல கெடக்கு," என்றார் அக்கா, கரண்டியை நிறுத்தாமல்.

தினமும் அந்தச் சுவரில் முதுகைத் தேய்த்தவன் நான். லைன் பிடிக்குமா என்று கேட்டபோது எனக்கும் சுவர் ஞாபகம் வரவில்லை. மே மாத வெயிலில் யாருக்கு வரும்?

மூவரும் வரிசையில் நின்றபடியே கூட்டம் போட்டார்கள். ஜன்னலை நெருங்குவதற்குள், வரிசையை ஒழிக்க வேண்டாம், அதுதான் இந்த வளாகத்தின் ஆன்மா, முதலிலிருந்தே அப்படித்தான் மனதில் பட்டது என்று அனுபவ சார் முடித்துவிட்டார்.

"அப்ப டேபிள் சர்வீஸ் இல்ல. கேப்டனும் வேணாமே?" என்றார் மேனேஜர்.

அடிவாரமும் செருப்புகளும் என் கண்ணில் வரிசையாக வந்தன.

"மேடம்," என்றேன், "அப்ப உங்க கதையெல்லாம் வீணாப் போயிருமே? மேசையில இருந்தா எந்திரிச்சுப் போயிர்றாங்க. லைன்ல வச்சு சொன்னா எங்கிட்டும் போக மாட்டாங்க மேடம். போனா எடம் போயிரும்ல."

மெனு மேடம் அனுபவ சாரைப் பார்த்தார். "அருமையான பாயின்ட்," என்றார் சார், அது தன் வாயிலிருந்து வந்த மாதிரி. அந்த இடத்திலேயே நான் வரிசைக் கேப்டன் ஆனேன். வரிசை தொடங்கும் இடத்தில் நின்று, வருகிறவர்களை வரவேற்று, கதை சொல்லி அனுப்ப வேண்டும்.

வரிசை தொடங்குவது முற்றத்து வாசலில். சுவரின் சூடு அதுவரைக்கும் வராது.

சாயங்காலம் அப்பாவுக்குப் போன் போட்டேன். "கேப்டன் ஆயிட்டேம்ப்பா!"

"அப்டின்னா என்ன சோலிடா?"

"வாசல்ல நின்னு, வர்றவங்கள வாங்க சார் வாங்க மேடம்னு கூப்பிட்டு உள்ள அனுப்பணும்ப்பா."



"ஏலே, அதத்தான இங்க செய்யச் சொன்னேன்? இங்க வெயிலாச்சும் அடிக்கும்."

"இங்க கோட் குடுத்துருக்காங்கப்பா," என்றேன். கோட்டுக்குக் கை உண்டா என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.