வி.எஃப். என்று எழுதிய இரண்டு காசுகள்

1. கண்ணாடி மேல் வைத்தது

ஒட்டன்சத்திரத்தில் காய்கறி கமிஷன் மண்டி வைத்திருந்த பழனிச்சாமி, ஒரு செவ்வாய்க்கிழமை காலை எங்கள் கடைக்கு வந்து, மேசைக் கண்ணாடி மேல் இரண்டு வெள்ளி ரூபாய்களை வைத்தார். இரண்டும் ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்டவை. இரண்டும் எங்களிடம் வாங்கியவை.

"ஏனுங்க, இது தொண்ணூத்தி மூணுல வாங்குனது. இது போன மாசம் வாங்குனது. ரெண்டு கவருலயும் வி.எஃப்.னுதானுங்க போட்டிருக்குது. நீங்களே பாருங்க."

கவர்களில் இருந்த எழுத்து நான் டைப் அடித்தது. திண்டுக்கல்லில் பழைய நாணயங்களைத் தபாலில் விற்கும் கடை அது. முதலாளி கோபால் சார் காசைப் பார்த்துத் தரம் சொல்வார். நான் பட்டியல் அடித்து ஊர் ஊராக அனுப்புவேன். தொண்ணூற்றிரண்டில் செம்பட்டியிலிருந்து பஸ் ஏறி வேலைக்கு வந்த நாள் முதல், அதுவரைக்கும் பத்து வருடமும் அதுதான் என் வேலை. புழங்காத காசு யு.என்.சி., லேசாகத் தேய்ந்தது எக்ஸ்.எஃப்., அதற்கும் கீழே வி.எஃப்., அப்புறம் ஃபைன். காசைக் கையில் எடுத்துப் பார்க்காமல் தபாலில் வாங்குகிறவருக்கு அந்த எழுத்துகளைத் தவிர வேறு ஆதாரம் கிடையாது.

ராஜாவின் மேலங்கியில் ஒரு சின்ன யானை உருவம் இருக்கும். பழனிச்சாமியின் பழைய காசில் யானைக்குக் காலும் தும்பிக்கையும் தெரிந்தன. போன மாதத்துக் காசில் யானை இருந்த இடத்தில் ஒரு மேடு மட்டும் இருந்தது.

"ஏமாத்திப்போட்டீங்கன்னு சொல்ல வரலீங்க. இத்தன வருசமா வாங்கறேன். எது மாறுச்சுன்னு தெரியோணும், அவ்வளவுதானுங்க" என்றார்.

சாருக்கு முகம் சுருங்கிவிட்டது. "என் கண்ணு மாறல பழனிச்சாமி. நான் கண்ண மட்டும் நம்பி கிரேடு போடுறவனும் இல்ல. மேரி, அந்தத் தட்ட எடும்மா."

வெல்வெட் வைத்த மரத்தட்டில் தரத்துக்கு ஒன்றாக நான்கு மாதிரிக் காசுகள் இருந்தன. விற்பனைக்கு வரும் ஒவ்வொரு ரூபாயையும் அவற்றின் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் சார் தரம் சொல்வார். அதில் அவருக்குப் பெருமை உண்டு. போன மாதத்துக் காசை வி.எஃப். மாதிரியின் அருகில் வைத்தார். இரட்டைப் பிள்ளைகள் போல இருந்தன. பழைய காசை வைத்தார். அது வி.எஃப். மாதிரியை விட நன்றாக இருந்தது.

"பாத்தியா! இப்பப் போட்டதுதான் சரி. அன்னைக்கு எக்ஸ்.எஃப். காசப் போயி வி.எஃப்.னு குடுத்திருக்கேன். லாபம் உனக்குத்தேன்" என்று சிரித்தார்.

பழனிச்சாமி சிரிக்கவில்லை. "அப்ப தொண்ணூத்தி மூணுல இந்தத் தட்டு இல்லீங்களா?"

இருந்தது. நான் வேலையில் சேருவதற்கு முன்பே இருந்தது.

2. ஸ்டுடியோ நெகட்டிவ்

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. நான் சேர்ந்த வருடம் வந்த எங்கள் முதல் பட்டியலின் அட்டையில் அந்த நான்கு காசுகளின் போட்டோவைத்தான் போட்டிருந்தோம். அச்சில் அது தெளிவாக விழவில்லை. ஆனால் எடுத்த ஸ்டுடியோ இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் போய்க் கேட்டேன். ஸ்டுடியோக்காரர் தகர டப்பாக்களைக் கிளறி, மூன்று நாள் கழித்து நெகட்டிவைக் கண்டுபிடித்தார். ஒவ்வொரு காசையும் உள்ளங்கை அளவுக்குப் பெரிதாக்கிப் பிரிண்ட் போட்டுத் தந்தார்.

போட்டோவில் இருந்த வி.எஃப். மாதிரியில் யானைக்குக் கால் இருந்தது. தட்டில் இருந்ததில் இல்லை.

"யாரோ மாத்திட்டாங்க" என்றார் சார்.

அந்தத் தட்டை வைத்துப் பூட்டும் பெட்டிக்கு இரண்டு சாவி. ஒன்று அவரிடம், ஒன்று என்னிடம். அவர் என் பெயரைச் சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். திட்டியிருந்தால் கூடத் தாங்கியிருப்பேன். அன்று சாயங்காலம் பஸ்ஸில் செம்பட்டி வந்ததே தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். கண்டக்டர்தான் சத்தம் போட்டு இறக்கிவிட்டார்.

மறுநாள் சீக்கிரமே போய் லென்ஸை எடுத்தேன். யானையை விட்டுவிட்டுக் காசின் ஓரத்தைப் பார்த்தேன். கடிகாரமாக இருந்தால் ஏழு மணி வரும் இடத்தில் ஒரு சிறு வெட்டு. போட்டோவிலும் அதே இடத்தில் அதே வெட்டு. மற்ற மூன்றிலும் இப்படி ஏதாவது ஓர் அடையாளம் பொருந்தியது.

சார் வந்ததும் காட்டினேன். "காசு மாறல சார். தேஞ்சிருக்கு."

"பெட்டிக்குள்ள இருக்கிற காசு எப்படிம்மா தேயும்?"

அவர் கேட்டபோது என் கையில் மஞ்சள் ஃபிளானல் துணி இருந்தது. தினமும் காலையில் அந்தத் துணியால்தான் மேசையைத் துடைப்பேன், அதே துணியால் மாதிரிக் காசுகளையும் துடைப்பேன். கடை பழனி ரோட்டில். ஒவ்வொரு பஸ்ஸும் ஒரு கை மண்ணை உள்ளே வீசிவிட்டுப் போகும். அந்த மண்ணோடு, பத்து வருடம். விற்கிற காசைத் துடைக்கவே கூடாது என்று சேர்ந்த அன்றே சார் சொல்லியிருந்தார். அதை நான் மீறியதே இல்லை. ஆனால் மாதிரிக் காசுகளை நாங்கள் இருவருமே காசாக நினைக்கவில்லை. அவை ஸ்கேல், தராசு மாதிரி கடைச் சாமான்.

"நான்தான் சார் தேச்சிருக்கேன்" என்றேன்.

சார் வி.எஃப். மாதிரியைக் கையில் எடுத்தார். யோசிக்கும்போது வழக்கமாகச் செய்வது போலக் கட்டைவிரலால் ராஜாவின் கன்னத்தைத் தடவினார். சட்டென்று விரலை எடுத்துக்கொண்டு காசைக் கீழே வைத்தார்.

"நீ மட்டும் இல்லம்மா. நானுந்தேன்."

3. எந்த வருடத்திலிருந்து?

வெளியே சொன்னால் கடையின் பெயர் போய்விடும் என்பது எனக்கும் தெரியும். மூன்றாம் நாள், "எல்லாருக்கும் ஒரு லெட்டர் அடிம்மா" என்றார்.

"எந்த வருசத்துல இருந்து தப்புன்னு போடணும் சார்?"

அவருக்குத் தெரியவில்லை. பழனிச்சாமிக்குப் போன் செய்தோம். எங்களிடம் வாங்கிய வி.எஃப். ரூபாய்கள் அத்தனையையும் எடுத்துக்கொண்டு அன்றைக்கே வந்தார். நிலக்கோட்டையில் பூ வியாபாரம் பார்த்த இன்னொரு வாடிக்கையாளர் தன்னிடம் இருந்தவற்றைப் பூ வேனில் கொடுத்தனுப்பினார். பொட்டலத்தைப் பிரித்ததும் கடை முழுக்க மல்லிகை வாசம். எல்லாவற்றையும் கவரில் இருந்த வருட வரிசைப்படி மேசையில் பரப்பினோம்.

இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் உள்ள வித்தியாசம் வாசலில் நின்று பார்த்தாலே தெரிந்தது. பழனிச்சாமி இடமிருந்து வலமாக விரலை நகர்த்திக்கொண்டே போனார்.

"இங்கதானுங்க மாறுது... இல்லீங்க, இதுவும் அதுவும் ஒண்ணாத்தான் இருக்குது. அம்மிணி, நீங்க பாருங்க."

பார்த்தேன். அடுத்தடுத்த இரண்டு காசுகளில் எந்த இரண்டை எடுத்தாலும் வித்தியாசம் தெரியவில்லை. சார் ஓர் இடத்தைக் காட்டினார், நான் ஓர் இடத்தைக் காட்டினேன். டீ குடித்துவிட்டு வந்து மறுபடி பார்த்தபோது, நான் முதலில் காட்டிய இடத்தை என்னாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை.

அதை அப்படியே கடிதத்தில் எழுதினோம். எந்த வருடத்திலிருந்து என்று எங்களுக்குத் தெரியவில்லை, சந்தேகம் இருந்தால் அனுப்புங்கள், மறுபடி பார்த்துத் தருகிறோம், வேண்டாமென்றால் எடுத்துக்கொள்கிறோம் என்று. சிலர் எங்களிடம் வாங்குவதை அதோடு நிறுத்திக்கொண்டார்கள். ஒருவர் தபால் கார்டில் வசவு எழுதினார். ஆரம்ப வருடங்களில் வாங்கியவர்களோ, 'என் காசுக்கு எக்ஸ்.எஃப். போட்டுத் தருவீர்களா?' என்று கேட்டு எழுதினார்கள். ஆனாலும் கடை தாக்குப்பிடித்துவிட்டது.

அதன்பின் மாதிரித் தட்டு கிடையாது. ஸ்டுடியோ பிரிண்ட்டுகளைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டினோம். ஒவ்வொரு ஜனவரியிலும், முந்தின வருடம் தரம் போட்ட பத்துக் காசுகளை, எழுத்தை மறைத்துவிட்டு, நானும் சாரும் தனித்தனியாக மறுபடி பார்ப்போம். முதல் ஜனவரியில் மூன்று காசுகளுக்கு வேறு தரம் வந்தது. சார், "மூணா? நான் அஞ்சாச்சும் வரும்னு நெனச்சேன்" என்றார்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் கண்ணைப் பழக்கத்தான் அவசரப்படுகிறார்கள். கண் தானாகப் பழகிவிடும். எதை வைத்து ஒப்பிடுகிறீர்களோ, அதை அவ்வப்போது எடுத்துப் பாருங்கள். நேற்று இருந்தது போல இருக்கிறதா என்று பார்க்காதீர்கள். அது எப்போதும் அப்படித்தான் இருக்கும். ஆரம்பித்த நாளில் இருந்தது போல இருக்கிறதா என்று பாருங்கள்.