லுணுகலையிலிருந்து அப்புத்தளைக்கு, மடியில் ஒரு ஹார்ட் டிஸ்க்

இந்தப் பயணப் பக்கத்தை எழுதிக்கிட்டு இருந்தது என் வீட்டுக்காரர் ஆரோக்கியம். பஸ் நேரம், தூரம் எல்லாம் சரியாப் போடுவார். அவர் இறந்து ஒன்பது மாசம் ஆச்சு. நான் ஏழாம் வகுப்பு வரைக்கும்தான் படிச்சேன். தெரிஞ்ச மாதிரி எழுதுறேன்.

போன மாச மழையில எங்க கோயில் ஆபீஸுக்குப் பின்னால இருந்த மண்மேடு சரிஞ்சு, கம்ப்யூட்டர் நசுங்கிப் போச்சு. பழைய ஞானஸ்நானப் புத்தகங்களும் சேத்துல ஊறிப் போச்சு. தேயிலைத் தோட்டத்துல நிறையப் பேருக்குப் பிறப்புச் சான்று இல்ல. அடையாள அட்டை எடுக்க அந்தப் பதிவுதான் ஆதாரம். அதையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தினவர் அவர்தான். அதோட நகல் வேற மலையில இருக்கிற எங்க வீட்டுப் பெட்டியில ஒரு ஹார்ட் டிஸ்க்ல இருந்துச்சு. அது திறக்குமான்னு பார்க்கத்தான் போன சனிக்கிழமை அப்புத்தளைக்குப் போனேன். அங்க கம்ப்யூட்டர் கடை வச்சிருக்கிற நவாஸ் நானாவும் (முஸ்லிம் அண்ணன்மாரை நாங்க நானான்னுதான் கூப்பிடுவோம்) எங்க வீட்டுக்காரரும் சேர்ந்து செஞ்ச ஏற்பாடு இது.

காலையில 6.10க்கு லுணுகலையில பதுளை பஸ். முப்பத்தெட்டு கிலோமீட்டர், பசறை வழியா ஒன்றே முக்கால் மணி நேரம். வலது பக்கம் உட்காருங்க, வெயில் அடிக்காது. கண்டக்டர் பையை மேல போடச் சொன்னார்.

"இல்ல தம்பி, மடியிலயே இருக்கட்டும்."

"என்னக்கா, தங்கமா?"

"கோயில் பேரெல்லாம் இருக்கு."

"அப்ப சாமிக்கும் ஒரு டிக்கெட் போடட்டுமா?" என்றார். பின் சீட்ல சிரிச்சாங்க. எனக்கும் சிரிப்பு வந்துச்சு.

பதுளையில தேத்தண்ணி குடிச்சிட்டு 8.30க்குப் பண்டாரவளை பஸ் ஏறினேன். ஒண்ணேகால் மணி நேரம். முன்னெல்லாம் அவர் மாசத்துல ஒரு சனிக்கிழமை இந்த டிஸ்க்கை எடுத்துக்கிட்டு நானாகிட்ட போவார். ரெண்டு தரம் நானும் கூட வந்தேன். என்னைப் பண்டாரவளைக் கடைத்தெருவுல விட்டுட்டு அவர் மட்டும் போனார். திரும்பி வரும்போது நானா வீட்டு இறைச்சி ரொட்டி கொண்டு வருவார், காகிதத்துல எண்ணெய் ஊறியிருக்கும். அதைத் தின்னத்தான் போறீங்கன்னு கேலி பண்ணுவேன். மறுக்க மாட்டார்.

அந்த பஸ்லதான் ஒரு நாள் இந்த வேலையை எனக்கு விளங்க வச்சார். "நம்ம லயத்து வீட்டு வரிசையை நெனச்சுக்க. ஒரே கூரை, ஆறு காம்பரா, ஆறு குடும்பம். ஒரு கம்ப்யூட்டருக்குள்ள பல கம்ப்யூட்டரும் அப்படித்தான் இருக்கு. கூரை விழுந்தா ஆறும் போகும். அதனால ஒவ்வொரு குடும்பத்தையும் அப்படியே நகல் எடுத்து வேற மலையில வைக்கணும். அதே மலையில வச்சா ரெண்டும் ஒண்ணாச் சரியும்."

பண்டாரவளையிலிருந்து அப்புத்தளைக்கு அரை மணி நேரம். 10.40க்கு இறங்கினேன். மூடுபனியில ஸ்டேஷன் தெரியல. கடைக்குப் போனதும் நானா எழுந்து நின்னார்.

"தங்கச்சி, கடைசியா எப்ப எழுப்பினீங்க?"

"மாசாமாசம் எழுப்பினேன் நானா." டிஸ்க் டப்பாவுக்குள்ள எங்க வீட்டுக்காரர் கையால எழுதின துண்டுச் சீட்டு இருந்துச்சு: மாசம் ஒருக்கா எழுப்பிப் பார்க்கணும். ஒவ்வொரு மாசமும் அதை வெளியில எடுத்து, துடைச்சு, சிலுவை போட்டு, திருப்பி வச்சேன்னு சொன்னேன்.

நானா நெத்தியில கை வச்சார். "அது தூசி தட்டுறது தங்கச்சி. எழுப்புறதுன்னா, இந்த நகலை வேற கம்ப்யூட்டர்ல ஓட விட்டு, உள்ள ஒரு பேரைத் தேடிப் பார்க்கிறது. அதோட புது நகலும் எடுக்கணும்." டிஸ்க்கை வாங்கி மேசையில வச்சுட்டு, "என்னையும் சொல்லணும். துக்க வீட்டுல போய் டிஸ்க் எங்கன்னு எப்படிக் கேக்குறதுன்னு விட்டுட்டேன்" என்றார்.

முதல் தரம் எழும்பல. சிவப்பு எழுத்துல என்னமோ வந்துச்சு. நானா கேபிளை மாத்தினார். நாப்பது நிமிஷம். நான் ஸ்டூல்ல உட்கார்ந்து ஜெபமாலை சொன்னேன், பாதியில எண்ணிக்கை தவறிப் போச்சு.

எழும்புச்சு. ஓடிக்கிட்டு இருந்ததை அப்படியே தூங்க வச்சு எடுத்த நகலாம். அதனால அவர் விட்ட இடத்துலயே திறந்துச்சு. பதிவுப் பக்கத்துல "மரிய ஜெ" வரைக்கும் அடிச்சிருந்தார். பக்கத்துல கோடு மினுக்மினுக்னு நின்னுச்சு. திரை மூலையில பத்து மாசத்துக்கு முந்தின ஒரு சனிக்கிழமை, மத்தியானம் 2.10. அந்த மெஷினுக்கு அவர் செத்தது தெரியாது.

"நேரத்தைச் சரி பண்ணட்டுமா?" என்று கேட்டார் நானா.

"கொஞ்சம் இருங்க நானா" என்றேன். இருந்தார். அப்புறம் நானே பண்ணச் சொன்னேன்.

அந்த சனிக்கிழமை வரைக்கும் உள்ள பேரெல்லாம் பத்திரமா இருக்கு. அதுக்கப்புறம் மண் சரியுற வரைக்கும் கோயில் கம்ப்யூட்டர்ல பதிஞ்ச பேரெல்லாம் போச்சு.

என்னைப் போல யாராவது நகல் வச்சிருந்தா, வேற மலையில வைங்க. மாசம் ஒருக்கா நெஜமா ஓட்டிப் பாருங்க. எப்படி ஓட்டுறதுன்னு வீட்டுல இன்னொருத்தரும் கூட நின்னு பார்த்திருக்கணும், துண்டுல எழுதி வச்சாப் பத்தாது. அப்புத்தளைக்குப் போறவங்க மத்தியானம் ரெண்டு மணிக்கு முந்தித் திரும்புங்க. பிந்தினா பதுளையில லுணுகலை பஸ்ஸுக்கு ரொம்ப நேரம் நிக்கணும். நான் நின்னேன்.

நாளைக்குக் காலையில, தோட்டத்துல வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்கு ஆள் கூடுற நேரத்துல போய், கைக்குழந்தை உள்ள அம்மாமாரைக் கேட்டு அந்தப் பேரை எழுதப் போறேன். எங்க வீட்டுக்காரரை ஒரு தரமும் பார்க்காத பிள்ளைங்க. பேரை நான்தான் கேக்கணும்.