தெல்லிப்பழைக்குக் கொண்டுபோன போத்தல் தண்ணீர்

ஆடி மாதம், விடிய ஐந்தரைக்குக் குருநகரிலிருந்து வெளிக்கிட்டேன். தெல்லிப்பழையில் என் மருமகன் சூசை தோட்டக் கிணற்றுக்கு எண்ணெய் எஞ்சின் பூட்டி இறைக்கத் தொடங்கி இரண்டு கிழமை. அதைச் செபம் சொல்லி மந்திரிக்கப் பங்குச் சுவாமிக்கு இன்றைக்குத்தான் நேரம் வந்தது. நான் போகாமல் இருப்பேனோ? வழிக்கு எங்கள் கிணற்றுத் தண்ணீர் ஒரு போத்தல் எடுத்தேன். மற்ற ஊர்த் தண்ணீர் எனக்கு வாயில் வைக்க ஏலாது, சப்பென்றிருக்கும்.

ரயிலுக்கு இருபத்தைந்து சதம். கொக்குவில் தாண்ட, பக்கத்திலிருந்த புகையிலை வியாபாரி கேட்டார்:

"எங்கை ஆச்சி, கலியாண வீட்டுக்கோ?"

"எஞ்சின் வீட்டுக்கு," என்றேன். பெட்டி முழுக்கச் சிரித்தது. சிரிக்கட்டும்.

ஸ்டேஷனிலிருந்து முக்கால் கட்டைத் தூரம் நடை. எட்டு மணிக்குச் சுவாமி தீர்த்தம் தெளித்தார். சூசை சக்கரத்தைச் சுழற்றினான். அம்மாடி! நிலம் அதிர்ந்தது, குழாயால் கைத் தடிப்பில் தண்ணீர் பாய்ந்தது! துலாவில் இரண்டு பேர் ஏறி மிதித்து வெயில் ஏறும்வரை இறைக்கிறதை, இது ஒரு சுருட்டுக் குடிக்கிற நேரத்தில் இறைத்துவிட்டது. நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாய்க்காலுக்குள் இறங்கியே விட்டேன்.

அந்தக் கிணறு இரண்டு வீட்டுப் பங்கு. ஒருநாள் சூசையின் முறை, மறுநாள் அடுத்த வளவுப் பொன்னம்மாவின் முறை. அவள் சைவ சமயக்காரி, வெங்காயத் தோட்டம் வைத்திருக்கிறாள். வந்தாள், ஒரு கை அள்ளிக் குடித்தாள், துப்பினாள்.

"உப்புக் கரிக்குது. உது உறிஞ்ச உறிஞ்ச, கீழை கிடக்கிற கடல் தண்ணி மேலை வருது. என்ரை பயிர் கருகப்போகுது."

"பொறாமைக் கதை! மாமி, நீங்கள் குடிச்சுச் சொல்லுங்கோ," என்றான் சூசை.

குடித்தேன். அருமையான தண்ணீர். "உப்புமில்லை ஒண்டுமில்லை," என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன்.

"அக்காவுக்கு எந்த ஊர்?" என்று கேட்டாள் பொன்னம்மா.

"குருநகர்."

"அதுதானே! கடற்கரைக் கிணறு குடிச்ச நாக்கு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போத்தலைத் திறந்து நீட்டினேன். "எங்கடை தண்ணியைக் குடிச்சுப் பார் பிள்ளை!"

குடித்தாள். "இரண்டும் ஒண்டுதான்," என்றாள்.

நானும் குடித்தேன். வாய்க்கால், போத்தல், திரும்ப வாய்க்கால். ஒரு வித்தியாசமுமில்லை. போன முறை வந்தபோது இதே கிணறு சப்பென்றிருந்தது. அதுக்காகத்தானே போத்தல் சுமந்து வந்தேன்!

"தம்பி, எஞ்சினை நிற்பாட்டு," என்றேன்.

"மாமி, சுவாமி இப்பத்தானே மந்திரிச்சவர்!"

"எஞ்சினைத்தான் மந்திரிச்சனான் சூசை," என்றார் சுவாமி. "அயலாளின்ரை பங்கைக் குடிக்கச் சொல்லி ஆண்டவர் ஒருத்தருக்கும் தண்ணி தரேல்லை."

சூசை முகத்தைத் தூக்கிக்கொண்டு நிற்பாட்டினான். கிணறு தேறும்வரை துலா. பிறகு துலா இறைக்கிற அளவுக்கே எஞ்சின் என்று முடிவாயிற்று.

பின்னேர ரயிலுக்கு வெளிக்கிட, பொன்னம்மா வேலிக்கு மேலால் கூப்பிட்டாள்: "அக்கா, அடுத்த மாசமும் போத்தலோடை வாங்கோ. உங்களுக்குச் சப்பெண்டிருந்தால் கிணறு தேறியிட்டுது."

"வாறன்," என்றேன். தண்ணீர் சப்பென்றிருக்க வேண்டுமென்று ரயிலில் செபமாலை உருட்டிக்கொண்டு வந்தவள் நான் ஒருத்தியாய்த்தான் இருப்பேன்.